பரவையில் உள்ளே, கப்பலூரில் வெளியே: வெளியேற மறுத்த ஒரு கணக்கைத் தேடிப் போன சனிக்கிழமை

கடந்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை விளாங்குடியிலிருந்து பரவைக்கும், அங்கிருந்து மதுரையைக் குறுக்கே கடந்து கப்பலூருக்கும் போய் வந்தேன். சுற்றிப் பார்ப்பதற்காகப் போகவில்லை. நான் 'வெளியேறு' பொத்தானை ஒழுங்காக அழுத்தியும் ஒரு இணையதளம் என்னை வெளியேற்றவில்லை. அதனால் என் விண்ணப்பத்தில் வேறொரு பெண்ணின் பெயர் ஏறிவிட்டது. விண்ணப்பிக்கும் நேரம் அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. இதே மாதிரி சிக்கல் உள்ளவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம். சிக்கல் இல்லாதவர்களுக்குப் பஸ் விவரமாவது உதவும்.

நான் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறேன். மாணவிகளுக்காக ஒரு அறக்கட்டளை பத்து நாள் நிரல் எழுதும் முகாம் நடத்துகிறது. தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே தருகிறார்கள். அதற்கு மூன்று தளங்கள்: பாடம் படிக்க ஒன்று, விண்ணப்பிக்க ஒன்று, புத்தகம் வாசிக்க ஒன்று. ஒருமுறை உள்நுழைந்தால் மூன்றும் திறக்கும். ஒன்றில் வெளியேறினால் மூன்றிலிருந்தும் வெளியேற வேண்டும். பொருட்காட்சி வாசலில் வாங்கும் சீட்டு போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் வெளியே போனதும் வாசல்காரர் உள்ளே ஒவ்வொரு அரங்குக்கும் 'இவர் போய்விட்டார்' என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை பரவையில் பாண்டி அண்ணன் நடத்தும் பிரவுசிங் சென்டரில் இரண்டாம் நம்பர் கணினியில் உட்கார்ந்து விண்ணப்பத்துக்கான கட்டுரையை முடித்துச் சேமித்தேன். என் அம்மா பரவை மார்க்கெட்டில் ஒரு வெங்காயக் கடையில் பில் போடுகிறார். அதனால் பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவது என் வழக்கம். பாடத் தளத்தில் வெளியேறினேன். 'எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள்' என்று திரையில் வந்தது. மணி 6.42 என்று நோட்டில் குறித்தேன். (எதையும் குறித்து வைப்பேன். வகுப்பில் இதற்காகக் கேலி செய்வார்கள்.) திறந்திருந்த பக்கங்களை மட்டும் மூடவில்லை. பாண்டி அண்ணன் கடையில் மூடக் கூடாது. சாதிச் சான்றிதழ், பட்டா, ஹால் டிக்கெட் என்று எல்லாப் பக்கமும் எப்போதும் திறந்தே இருக்கும். ராத்திரிகூட மானிட்டரை மட்டும்தான் அணைப்பார்.

சனிக்கிழமை காலை 9.10-க்கு என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: 'முத்துமாரி, உங்கள் விவரங்கள் உறுதி செய்யப்பட்டன.' என் பெயர் முத்துமாரி இல்லை.

விளாங்குடி நிறுத்தத்தில் 9.25-க்கு டவுன் பஸ் கிடைத்தது. பிங்க் வண்ணம் அடித்த பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பரவை நாலு கிலோமீட்டர்கூட இல்லை. 9.40-க்கு இறங்கி ஓடினேன். இரண்டாம் நம்பர் கணினியில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் உட்கார்ந்து பாண்டி அண்ணனோடு வாதம் செய்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, எல்லாம் என் பேருல இருக்கு, போன் நம்பர் மட்டும் யார்துன்னே தெரியல."

"அது என் நம்பர்," என்றேன்.

முத்துமாரிக்கும் என் வயதுதான். சமயநல்லூர்ப் பக்கம். விண்ணப்பப் பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கவும், கடைக்காரர் தனக்காகத் திறந்து வைத்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். உள்ளே இருந்த கட்டுரை மாதிரிக் கட்டுரை என்று நினைத்து அதை அழித்துவிட்டுத் தன்னுடையதை அடித்திருக்கிறாள். உறுதி செய்தபின் பெயரை மாற்ற முடியாது. அவளுடைய பள்ளி மாணவர் எண் என் கணக்கில் பதிவாகிவிட்டதால் அவள் தனிக் கணக்கும் தொடங்க முடியாது. ஆக, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்.

"லாக் அவுட் பண்ணாமப் போனது யாரு? நீதான?" என்றாள்.

"பண்ணினேன். 6.42-க்கு."

"மணியெல்லாம் எழுதி வச்சிருக்கா பாரு. எனக்கென்ன, என் பேரு ஏறிருச்சு. நான் போறேன்."

"போ. நேர்முகத்துக்குக் கூப்பிட்டா செய்தி என் போனுக்குத்தான் வரும்."

அவள் நின்றுவிட்டாள்.

பக்கத்தின் அடியில் இருந்த உதவி எண் எடுக்கவே இல்லை. ஆனால் தளத்தை உருவாக்கிய நிறுவனத்தின் முகவரி இருந்தது: கப்பலூர் தொழிற்பேட்டை. மார்க்கெட்டில் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தார். "சேந்து போங்க, சேந்து வாங்க. சண்டைய பஸ்ஸுக்குள்ளயே முடிச்சுக்கங்க."

10.25-க்குப் பரவையில் ஏறி 11.05-க்குப் பெரியார் நிலையம். அங்கிருந்து 11.20-க்குத் திருமங்கலம் பஸ். இது கட்டணப் பஸ், ஆளுக்குப் பதினைந்து ரூபாய். பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர் வழியாகப் போகிறது. இடப்பக்கம் உட்கார்ந்தால் குன்றம் நன்றாகத் தெரியும் என்று எழுத ஆசைதான். நாங்கள் நின்றுகொண்டே போனோம்.

திருநகர் தாண்டியதும் முத்துமாரி கேட்டாள். "அந்தக் கட்டுரை நெசமா நீ எழுதினதா?"

"ஆமா."

"அழிக்கறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சேன். ரெண்டாவது பத்தி ஒரே இழுவை. லைப்ரரியில பூட்டுன பீரோ வர்ற எடம் நல்லாருந்துச்சு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அவள் சொன்னது சரி.

12.05-க்குக் கப்பலூரில் இறங்கினோம். தொழிற்பேட்டைக்குள் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நடக்க வேண்டும். நிழல் கிடையாது, தண்ணீர் பாட்டில் கட்டாயம். பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஒரு கம்பெனிக்கு மேல்மாடியில் அந்த அலுவலகம். ஆறு மேசைகள், சனிக்கிழமை என்பதால் ஒருவர் மட்டும்தான் இருந்தார். ஜெயந்தி அக்கா. இந்தத் தளங்களை ஜாவாவில் எழுதியவர்களில் அவரும் ஒருவர். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரையில் எதையோ தேடினார்.

"நேத்து 6.42-க்கு நீ லாக் அவுட் பண்ணின பதிவு இருக்கு. அதுக்கப்புறம் இன்னைக்குக் காலையில உன் கணக்குக்குள்ள இவ போயிருக்கா. பாஸ்வேர்டு குடுத்தியா?"

"இல்லக்கா."

"பாஸ்வேர்டைப் பகிர்ந்தா ரெண்டு பேரோட விண்ணப்பமும் ரத்து. அது அவங்க விதி. நான் மாத்த முடியாது."

தன் கணினியிலேயே செய்து காட்டினார். உள்நுழைந்தார், மூன்று தளத்தையும் திறந்தார், ஒன்றில் வெளியேறினார். மற்ற இரண்டும் உடனே உள்நுழையும் பக்கத்துக்குப் போய்விட்டன. ஐந்து முறை செய்தார். ஐந்து முறையும் சரியாக வந்தது.

படித்ததெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்தேன். ஒருவேளை பிரவுசர் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டியிருக்கலாம் என்றேன். "பழைய பக்கம்னா அதுல சேமிக்க முடியாது. இவ சேமிச்சிருக்காளே," என்றார் அக்கா. செஷன், அதாவது ஒருமுறை உள்நுழைந்த நிலை, காலாவதி ஆகும் நேரம் அதிகமோ என்றேன். நெட் மெதுவாக உள்ள ஊர்க்காரர்களுக்காக இருபத்து நாலு மணி நேரம் வைத்திருப்பதாகச் சொன்னார். செஷன் ராத்திரி முழுக்க உயிரோடு இருந்ததற்கு அது காரணம். ஆனால் வெளியேறிய நொடியிலேயே அது ஏன் சாகவில்லை என்பதற்கு அது காரணம் இல்லை. என் புத்தக அறிவு அதோடு தீர்ந்தது.

"அக்கா," என்றாள் முத்துமாரி. "நீங்க இந்த ரூமுலேயே உக்காந்து பாக்குறீங்க. நாங்க பரவையிலல்ல உக்காந்தோம்."

"அதுல என்ன இருக்கு? தளம் ஒண்ணுதான."

"என் போன்ல பண்ணிப் பாப்போம். உங்க வைஃபை வேணாம்."

அவள் போனில் சோதனைக் கணக்கு ஒன்றைத் திறந்தார்கள். பாடத் தளத்தில் வெளியேறினாள். விண்ணப்பப் பக்கத்தைப் புதுப்பித்தாள். உள்ளேயே இருந்தது. மறுபடியும் செய்தாள். உள்ளேயே இருந்தது. நான் பாண்டி அண்ணனுக்குப் போன் போட்டு அதையே செய்யச் சொன்னேன்.

"இன்னும் உள்ளதான் நிக்குது பாப்பா. வெரட்டினாலும் போக மாட்டேங்குது. எம்புட்டு நேரம் அமுக்கட்டும்?"

ஜெயந்தி அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன்பின் அரைமணி நேரம் பதிவுகளைப் புரட்டினார்.

நடந்தது இதுதான். விண்ணப்பத் தளம் இரண்டு சர்வர்களில், அதாவது தனித்தனியான இரண்டு கணினிகளில், ஓடுகிறது. முன்னால் இருக்கும் ஒரு பங்கீட்டுக் கருவி, நீங்கள் எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) வருகிறீர்கள் என்று பார்த்து ஏதாவது ஒரு சர்வருக்கு அனுப்பும். ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே சர்வர். கப்பலூர் அலுவலகம் முதல் சர்வரில் விழுகிறது. பாண்டி அண்ணன் கடையும் முத்துமாரியின் போனும் இரண்டாவதில். நீங்கள் வெளியேறும்போது, உள்நுழைவை மட்டும் கவனிக்கும் தனி சர்வர் 'இவர் போய்விட்டார்' என்று விண்ணப்பத் தளத்துக்குத் தகவல் அனுப்புகிறது. அந்தத் தகவலும் அதே கருவி வழியாகத்தான் போகிறது. உள்நுழைவு சர்வரின் முகவரியும் மாறாதது. அதனால் தகவல் ஒவ்வொரு முறையும் முதல் சர்வருக்கே போயிருக்கிறது. இரண்டாவதில் இருந்தவர்கள் யாருமே வெளியேறவில்லை. சோதித்தவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து சோதித்ததால் அவர்களுக்கு ஒருநாளும் தெரியவில்லை.

அக்கா இரண்டு சர்வர்களின் பதிவையும் அருகருகே திறந்து காட்டினார். இரண்டாவதில் வெள்ளிக்கிழமை மாலை தொடங்கிய என் செஷன். முதலாவதில் 6.42-க்கு வந்த தகவல், அதற்குக் கீழே 'அப்படி ஒரு செஷன் இங்கே இல்லை.'

"மன்னிச்சுக்கங்கடா," என்றார். "உங்களத் திருடிகளாட்டம் பேசிட்டேன்."

"பரவால்லக்கா. இவள நானே அப்படித்தான் பேசினேன்," என்றாள் முத்துமாரி.

தகவல் கிடைத்த சர்வருக்கு அந்தச் செஷன் தெரியாவிட்டால் அடுத்த சர்வருக்கு அனுப்பும்படி அக்கா சில வரிகள் சேர்த்தார். செஷன் விவரத்தை இரண்டுக்கும் பொதுவான இடத்தில் வைப்பதுதான் முழுத் தீர்வு, அதை அடுத்த வாரம் செய்வதாகச் சொன்னார். புதிய வரிகள் ஏறியதும் முத்துமாரி போனில் மறுபடி வெளியேறினாள். இந்த முறை உள்நுழையும் பக்கம் வந்தது. பிறகு அக்கா அறக்கட்டளைக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி, இரண்டு விண்ணப்பங்களையும் பிரிக்க அனுமதி வாங்கினார். முத்துமாரியின் படிவம் அவள் பெயரில் புதிய கணக்குக்குப் போனது. என்னுடையது வெறுமையாகத் திறந்தது. மணி 3.15.

கட்டுரை அழிந்தது அழிந்ததுதான். கீழே கேண்டீனில் முப்பது ரூபாய்க்கு எலுமிச்சை சாதம் வாங்கி ஆளுக்குப் பாதி சாப்பிட்டுவிட்டு, மேலே அக்காவின் அலுவலகத்தில் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

"பீரோவுல ஆரம்பி," என்றாள் முத்துமாரி.

பீரோவில் ஆரம்பித்தேன். கிளை நூலகத்தில் பூட்டிய பீரோவுக்குள் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று வாசகர்கள் வெளியிலிருந்தே பார்க்க ஒரு செயலி வேண்டும் என்பதுதான் என் கட்டுரை. முந்தைய இரண்டாம் பத்தியை எழுதவே இல்லை. 4.36-க்குச் சமர்ப்பித்தேன். அவள் தன் கட்டுரையைத் திருத்தி, அதற்கு நாலு நிமிடம் முன்பே சமர்ப்பித்திருந்தாள்.

திரும்பும் வழி அதேதான். 5.10-க்குக் கப்பலூரில் ஏறினால் 6.45-க்குள் பரவை வந்துவிடலாம், பெரியார் நிலையத்தில் அதிகம் காத்திருக்க வேண்டாம். போகவர ஒருவருக்கு முப்பது ரூபாய், சாப்பாடு பதினைந்து. தொழிற்பேட்டைக்குச் சனிக்கிழமை போவதாக இருந்தால் மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள், பல அலுவலகங்கள் மதியத்தோடு மூடிவிடும்.

பொதுக் கணினியில் வேலை செய்பவர்களுக்கு: வெளியேறியதும் மற்ற பக்கங்களைப் புதுப்பித்துப் பாருங்கள், பிறகு கடைக்காரர் என்ன சொன்னாலும் மூடுங்கள். முடிந்தால் பிரவுசரின் மறைவுச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) வேலை செய்யுங்கள். தளம் எழுதுகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு வயது போதாது. ஆனாலும் சொல்கிறேன்: வெளியேறும் பொத்தானை உங்கள் அலுவலகத்துக்கு வெளியே வந்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எங்கள் மாதிரி ஆட்கள் உட்காரும் இடத்திலிருந்து.

நேற்று நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அவளுக்கு அவள் போனில், எனக்கு என் போனில். இடம் கிடைக்குமா என்று தெரியாது. நேர்முகத்துக்கு இன்னொரு கட்டுரை எழுதி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். முத்துமாரி உடனே கூப்பிட்டாள்.

"எழுதிட்டு எனக்கு அனுப்பு. படிச்சுட்டு எங்க இழுவைன்னு சொல்றேன். இந்தத் தடவ அழிக்க மாட்டேன்."