டிரெய்லர் வரிசையில் பேட்டரித் தண்ணீர்

இன்று பழவேற்காடு போவதாகத்தான் திட்டம். படுக்கை, மின்விசிறி, இன்வெர்ட்டர் எல்லாம் வைத்த எங்கள் பழைய வேன், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது.

மகளுக்கு வீசிங் ஆரம்பித்தது. நெபுலைசரைப் போட்டதும் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துபோனது.

சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரியின் மூடிகளைத் திறந்தேன். தண்ணீர் வற்றி, தகடுகள் வெளியே தெரிந்தன.

"ஏதாவது பண்ணுங்க," என்றாள் மனைவி. ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்ளே இழுத்தது.

இறங்கி, பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் கேட்டு ஒவ்வொரு டிரெய்லராகத் தட்டினேன். ஒருவர் குடிதண்ணீர் பாட்டிலை நீட்டினார். பேட்டரிக்கு அது ஆகாது; ஆனாலும் வேறு வழியில்லாவிட்டால் அதையே ஊற்றுவது என்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வண்டி டிரைவர், "இன்னா நைனா, இப்டி ஓடியாற?" என்றார். சொன்னேன்.

"கொயந்தைக்கா? பேட்டரி தண்ணி கீது, இந்தா. நீ போயி ஊத்து, நான் வந்துகினே கீறேன்."

ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டோம். இரண்டு முறை அணைந்த இன்வெர்ட்டர் மூன்றாவது முறை அணையாமல் ஓடியது. மாஸ்க்குக்குள் மருந்துப் புகை வந்ததும் மனைவி அழுதுவிட்டாள்.

மகள் இப்போது தூங்குகிறாள். வரிசை நகரவில்லை, திரும்பிப் போகவும் வழியில்லை. முன்னால் நிற்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே என்னதான் நடக்கிறது என்று சொல்லுங்கள். டிரைவர் அண்ணனும் கேட்கச் சொன்னார். அவர் நேற்றிலிருந்து நிற்கிறாராம்.