லூசியனின் அரை மீட்டர் விறகு

பிரான்ஸில், மோர்வான் மலைப்பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற லூசியனிடம் பெரிய சொத்து எதுவும் இல்லை. விறகு இருந்தது. வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, மூன்று வருடம் காய்ந்த ஓக் கட்டைகள். ஒவ்வொன்றும் அளவு நாடா வைத்து அறுத்த அரை மீட்டர். ஒரு கட்டை விரலளவு துருத்திக்கொண்டிருந்தாலும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

இவ்வளவு இருந்தும் வீடு மட்டும் சூடானதே இல்லை. பழைய கல் கணப்பு, சூட்டையெல்லாம் புகைக்கூண்டு வழியாக வானத்துக்குத் தானம் செய்துகொண்டிருந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு காலை, சமையலறையில் பன்னிரண்டு டிகிரி. மனைவி மிரேய் காபிக் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள்.

“கணப்புக்குள்ள பொருத்துறாங்களே, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு, அதுல ஒண்ணப் பாத்து வாங்கு. நவம்பர் பதினோராம் தேதிக்குள்ள வாங்கலன்னா, நான் திஜோனுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீ உன் விறகைக் கட்டிக்கிட்டுக் கிட.”

லூசியன் கைக்குழந்தையைப் போல ஒரு கட்டையை இடுக்கிக்கொண்டு கிளம்பினான். மூன்று கடை ஏறி இறங்கினான். விற்பவர்கள் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. அடுப்புக் கதவைத் திறப்பான், கட்டையை நுழைப்பான், அது இடிக்கும், முகம் தொங்கிவிடும்.

மூன்றாவது கடைக்காரப் பெண் பொறுமைசாலி. “சார், உங்க கணப்பு அகலத்துக்கு இந்தச் சின்ன அடுப்புதான் பொருந்தும். முப்பத்து மூணு சென்டிமீட்டர் கட்டை போடலாம். அரை மீட்டர்தான் போடணும்னா பெரிய அடுப்பு. அதுக்கு ரெண்டு பக்கக் கல்லையும் உடைக்கணும்.”

“எங்க கொள்ளுத்தாத்தா வச்ச கல்லும்மா அது!”

“அப்ப விறகை அறுங்க.”

பல்லைப் பிடுங்கச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்து பத்து நாள் யோசித்தான். அதற்கு யோசனை என்று பெயர் வைத்தவன் அவன் ஒருவன்தான். பதினோராம் தேதி காலை மிரேய் பெட்டியோடு பேருந்து ஏறிவிட்டாள்.

ஐந்தாம் நாள் தொலைபேசியில் கேட்டாள். “வீட்டுல எத்தனை டிகிரி?”

“இருபது.”

“பொய் சொல்லாத. உன் பல்லு தந்தியடிக்கிறது இங்க கேக்குது.”

போனை வைத்ததும் வீடு இன்னும் குளிர்ந்தது. அவள் இல்லாமல் அந்த விறகு அடுக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்றே சின்ன அடுப்புக்குச் சொல்லிவிட்டு, மரம் அறுக்கும் மிஷினை முற்றத்துக்கு இழுத்தான்.

பக்கத்து வீட்டு திபோ வேலியருகே நின்று சிரித்தான். “என்ன லூசியன், அடுப்பு அளவைப் பாத்தா உன் விறகை அறுக்குற?”

“பொண்டாட்டியைப் பாத்து அறுக்குறேன். போய் உன் வேலையைப் பாருடா!”

அடுப்பு பொருத்திய மறுநாள் மிரேய் வந்தாள். வந்தவள் கணப்பு முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டைக் கழற்றினாள். பிறகு கம்பளிச் சட்டையை. பிறகு அதற்குள் இருந்த இன்னொன்றை. லூசியன் அவளுடைய வெறும் கைகளைப் பார்த்தான். குளிர்காலத்தில், வீட்டுக்குள், அவற்றை அவன் பார்த்ததே இல்லை. அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

“இத்தனை வருஷமும் குளிர்லயா இருந்த?”

“முப்பத்தாறு வருஷம். இப்பதான் கேக்குற” என்றாள் மிரேய். “சரி, இன்னொரு கட்டை போடு.”