வெந்நீர்க் குழாய்

எழுபதுகளின் கடைசியில், கொட்டாம்பட்டி பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு பழைய டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குளிர வைக்க உள்ளே போகும் கிணற்றுத் தண்ணீர், சூடாகி ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே கொட்டும். களையெடுக்க வரும் பெண்கள் அந்த வெந்நீரில்தான் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுவார்கள்.

எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். துருவும் உப்புக்காரையும் உள்ளே அடைத்து எஞ்சின் கொதித்தது. புளியைக் கரைத்து ஊற்றி ஊறவிடுவதுதான் வழக்கம். எனக்குப் பொறுமை இல்லை, ஆசிட்டை ஊற்றினேன். காரை நுரைத்துக் கரைந்த பெருமையில், யாரிடமும் சொல்லாமல் எஞ்சினை ஓட்டிவிட்டேன்.

"ஆத்தாடி!"

களையெடுக்க வந்திருந்த வெள்ளையம்மாதான். எஞ்சின் சத்தம் கேட்டதுமே, இடுப்பில் பிள்ளையோடு, சூடு பார்க்கப் புறங்கையைக் குழாயடியில் நீட்டியிருக்கிறாள். துருவும் மிச்ச ஆசிட்டும் கலந்து செக்கச்செவேலென்று வந்த முதல் தண்ணீர் அந்தக் கையில் கொட்டியது.

"யாரக் கேட்டு இங்க வந்து நின்ன?" என்று கத்தினேன். தப்பு என்னுடையது என்று தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

வாய்க்கால் தண்ணீரில் கையை அமுக்கிக்கொண்டே, "பிள்ள மேல படலண்ணே. தெரியாம வந்துட்டேன், கோவிச்சுக்கிறாதீக" என்றாள்.

மறுநாளும் துணி சுற்றிய கையோடு வேலைக்கு வந்தாள். "எஞ்சினு இப்பச் சூடாகாம ஓடுதாண்ணே?" என்று கேட்டாள்.

"ஓடுது" என்றேன்.

அதன் பிறகு எப்போது எஞ்சினை ஓட்டினாலும், அவள் பார்க்கட்டும் என்றே முதல் தண்ணீரை என் கையில் பிடித்தேன். அவள் பார்த்தாள். ஆனால் பிள்ளையை மட்டும் அந்தக் குழாய்ப் பக்கம் கொண்டுவரவே இல்லை.