தொப்பூரில் இறங்கிய என் மகள்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. அதனால்தானோ என்னவோ, எங்கள் பிள்ளைகளுக்கு எந்நேரமும் பஸ் விளையாட்டுதான். மாட்டுக் கயிற்றின் இரண்டு முனையையும் முடிந்து உள்ளே நின்றால் பஸ் தயார். என் பெரியவன் டிரைவர். பக்கத்து வீட்டுப் பெண் கண்டக்டர். எங்கள் வேப்பமரம் பாலக்கோடு, மாட்டுக்கொட்டகை ஓசூர், சரிவில் இருக்கும் களம் தொப்பூர். அவர்கள் பஸ் போகாத ஊரே இல்லை.

அன்று களத்தில் ராகி கொட்டி வைத்திருந்த குழியின் மூடுகல்லை என் வீட்டுக்காரர் நகர்த்திவிட்டு, ராகி அள்ள ஆள் கூப்பிடப் போயிருந்தார். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த குழியில் கெட்ட காற்று அடைந்திருக்கும். வெகுநேரம் ஆறவிட்டுத்தான் இறங்குவோம். அவசரப்பட்டு இறங்கினால் உயிர் போய்விடும்.

நான் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஆரவாரமாக வந்து நின்றது. உள்ளே என் நாலு வயது மகளைக் காணோம். எங்கே என்று கேட்டால், கண்டக்டர் சாவகாசமாகச் சொல்கிறாள்: "அவ தொப்பூர்ல எறங்கிட்டா அத்த."

தொப்பூர் என்றால் களம்; அங்கே குழி திறந்து கிடக்கிறது. ஓடினேன். பிள்ளைகளும் கயிற்றோடு பின்னால் ஓடி வந்தார்கள். தூரத்திலேயே தெரிந்தது: குழியின் வாயில், காலை உள்ளே தொங்கவிட்டு, குனிந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள் என் மகள். கூப்பிட வாய் திறந்தேன். கண்டக்டர் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க கூப்புட்டா சிரிச்சிக்கிட்டு ஓடுவா அத்த. கயித்துக்குள்ள வாங்க. எறங்குனவங்க பஸ் வர்ற வரைக்கும் நவுரக் கூடாது. அது எங்க சட்டம்."

அவள் சொன்னது உண்மை. நான் கூப்பிட்டாலே துரத்துவதாக நினைத்து ஓடுகிற பிள்ளை அது. வாயை மூடிக்கொண்டு கயிற்றுக்குள் நுழைந்தேன். பெரியவன் ஹாரன் அடித்தான். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களோடு நானும் ஓடினேன். குழிக்குச் சற்றுத் தள்ளி பஸ் நின்றது.

"தொப்பூர், தொப்பூர். பாத்து ஏறுங்க."

என் மகள் காலை மேலே இழுத்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். அன்னநடை நடந்து வந்தாள். வாரி அணைத்துக்கொண்டேன். அவளோ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எங்கம்மா டிக்கெட் வாங்கிட்டாங்களா?" என்று கண்டக்டரிடம் விசாரிக்கிறாள்.

அவளைப் பெற்றவள் நான். நான் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம் அன்று அவளை அசையாமல் உட்கார வைத்தது. இன்றும் பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்குள் போக வேண்டியிருந்தால், அங்கே என்ன சட்டம் என்று கேட்டுக்கொண்டுதான் கால் வைக்கிறேன்.