கோளாறக்கா மூடாத புகார்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குக் கோளாறக்கா என்றுதான் பெயர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளை வெளியே அனுப்பும் முன் உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. முப்பத்தெட்டு வயது. அம்மாவும் தங்கையும் அவளோடு ஒரே வீட்டில். தங்கையும் எங்களிடமே புரோகிராமர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காதான்.

வாடிக்கையாளர்கள் எழுதும் நிரல்கள் எங்கோ தூரத்து சர்வரில் இருக்கும். ரெப்போ என்போம். அதை மணிக்கொரு தரம் அவர்கள் கணினிக்கு நகலெடுப்பதுதான் எங்கள் மென்பொருள். அங்கே இருப்பது இங்கேயும் இருக்க வேண்டும்; அங்கே இல்லாதது இங்கேயும் இருக்கக் கூடாது. சர்வர் பதில் தராவிட்டால்? பாஸ்வேர்டு மாறியிருந்தால்? கோளாறக்கா யோசித்துக்கொண்டிருக்க மாட்டாள். கேபிளைப் பிடுங்குவாள், தப்பான பாஸ்வேர்டு கொடுப்பாள், இல்லாத முகவரிக்கு அனுப்புவாள். மென்பொருள் ஒழுங்காக "முடியவில்லை" என்று சொன்னால் அடுத்ததற்குப் போவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அது அப்படிச் சொல்லவில்லை. சர்வரில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் பாதி இறங்கும்போது கேபிளை இழுத்தாள். திரையில் பச்சை எழுத்தில் "வெற்றி" என்று வந்தது. கணினியில் இருந்த நகலைத் திறந்தால் சுத்தமாகக் காலி. பதில் வராததை, அங்கே ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொண்டு இங்கிருந்ததையும் துடைத்துவிட்டது. நாற்பது தடவை செய்து பார்த்தாள். ஏழு தடவை துடைத்தது. புகார் எழுதினாள்; தப்பு சரியானது என்று அவளே பார்த்து மூடும்வரை புதிய பதிப்பு வெளியே போகாது. அந்தப் பகுதியை எழுதியவள் தங்கை.

அன்று மாலையே வீட்டில் ஆரம்பித்தது.

"உன்னைத் தவிர வேற யாரு அக்கா கேபிளைப் பிடுங்கப் போறாங்க?"

"லைன் தானாவும் போகும்டி."

"அடுத்த வாரம் எனக்கு டீம் லீடர் இன்டர்வியூ. இப்பப் பார்த்து இதைத் தூக்கிட்டு வர்றே."

"சரி பண்ணிடு. நானே மூடிடுறேன்."

அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "சின்னவகிட்ட என்னடி மல்லுக்கு நிக்கிறே?"

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அக்கா பத்து நாள் லீவு. அன்று மதியம் மூன்று மணிக்கு அவள் நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பக்கத்து நாற்காலி. "ஒரு ஃபைல் வேணும்" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அக்கா திரும்பி வந்தபோது புதிய பதிப்பு வெளியாகியிருந்தது.

"சரி பண்ணிட்டியாடி?"

"பண்ணிட்டேங்கா."

உடைத்துப் பார்க்காமல் அவள் ஏற்றுக்கொண்ட ஒரே பதில் அதுதான். கூடப் பிறந்தவள் ஆயிற்றே.

ஆறு வாரம் கழித்து ஒருவர் நேரில் வந்தார். மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனம். காது கேளாதவர்களுக்கான செயலி, நாலு வருட உழைப்பு. அவர்கள் சர்வர் எரிந்துபோனது. போகிற போக்கில் அரைகுறையாக ஒரு பதிலை அனுப்பியிருக்கிறது. எங்கள் மென்பொருள் மிச்சமிருந்த ஒரே நகலையும் துடைத்துவிட்டு "வெற்றி" என்றது. "வெற்றின்னு வந்துச்சேம்மா" என்று வரவேற்பறைப் பெண்ணிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் தண்ணீர் கொடுத்தாள். நிரப்பித் தரச் சொல்லி ஒரு படிவமும் கொடுத்தாள்.

மேனேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டுப் புகாரைத் திரையில் காட்டினார். கடைசி வரி: "மறுபடி வரவில்லை. மூடலாம்." கீழே அக்காவின் பெயர், அந்த வெள்ளிக்கிழமைத் தேதி.

"அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன் சார்."

"அப்ப யாரு மூடினது?"

தங்கை நிமிர்ந்தே பேசினாள். "அக்காதான் சார் ஃபோன் பண்ணி மூடச் சொன்னா. பாஸ்வேர்டும் அவளே கொடுத்தா."

பாஸ்வேர்டு அம்மாவின் பிறந்த தேதி. அக்கா தங்கையைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? இவ ஃபோன்ல பேசினாளா?"

பேசவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் மாதம் அது.

"கவனிக்கலைங்க" என்றேன்.

பாஸ்வேர்டைக் கொடுத்ததே குற்றம் என்று அக்காவை அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வாசலில் காவலாளி பையைக் கொட்டிப் பார்த்து, அவள் எட்டு வருடமாகப் பிடுங்கிச் செருகிய கேபிளை எடுத்துக்கொண்டார். "ஆஃபீஸ் பொருள்மா."

வீட்டில் அம்மா கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாளாம்.

"அவளுக்கு இப்பதான் நல்ல காலம் வருது. நீ கொஞ்சம் விட்டுக் கொடுத்தா என்ன?"

"என் பேரு போச்சேம்மா."

"பேரை வச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போறே?"

அடுத்த வாரமே தங்கை நோட்டும் பேனாவுமாக அக்காவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "கேபிளை எந்த நேரத்துல இழுத்தே? எனக்கு அந்தத் தப்பு வரவே மாட்டேங்குது."

அக்கா படுத்தபடியே கேட்டாள்: "இன்னும் எத்தனை பேரு அதை ஓட்டுறாங்க?"

"இருநூறு பேரு இருக்கும்."

அக்கா எழுந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். எந்த இடத்தில் இழுப்பது, எத்தனை நொடி விடுவது, வேறு எங்கெல்லாம் இதே தப்பு இருக்கும் என்று எல்லாம். தங்கை அதை வைத்துச் சரிசெய்து டீம் லீடர் ஆனாள். இதையெல்லாம் ஒரு நாள் கேன்டீனில் அவளேதான் சொன்னாள். "அக்கா ஒரு லூசு" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

அக்காவுக்கு அந்தத் தொழிலில் மறுபடி வேலை கிடைக்கவில்லை. எங்கே போனாலும் எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்; இங்கேயும் விசாரித்தவர்களுக்குக் குறைவில்லாமல் பதில் சொன்னார்கள்.

போன மாதம் என் வாஷிங் மெஷின் நின்றுபோய், கம்பெனியின் புகார் எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்த குரலைக் கேட்டதும் கோளாறக்கா என்று தெரிந்துவிட்டது. பெயர் கேட்டாள். சொன்னேன். இனிஷியலை அவளே சொன்னாள்.

"என்ன பிரச்சினைங்க?"

"தண்ணி வெளியே போக மாட்டேங்குது."

எழுதிக்கொண்டாள். வியாழக்கிழமை ஆள் வருவார் என்றாள்.

"வேற ஏதாவது சொல்லணுமாங்க?"

"இல்லைங்க" என்று வைத்துவிட்டேன்.