கிசுகிசு அக்கா சொன்ன ‘நாங்க’

தட்டில் கிடக்கும் வெங்காயத்தை விரல் நுனியால் ஓரம் தள்ளிக்கொண்டிருக்கிறார் அக்கா. வதங்கிச் சுருண்டது, பொடியாக நறுக்கியது, கண்ணுக்கே தெரியாதது, எதுவும் அவரிடமிருந்து தப்புவதில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் கார் ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை. “இவ்வளவு நேரம் பொறுக்குறதுக்குப் பேசாம பட்டினி கிடக்கலாமே அக்கா?” என்கிறார். “உனக்கு வண்டி. எனக்கு வாய்தான் வண்டி. சுத்தமா வச்சுக்க வேணாமா?” என்று சிரிக்காமல் பதில் வருகிறது. திரைப்பட விழா நடக்கும் நாட்களில் வெங்காயமும் பூண்டும் அக்காவுக்கு ஜென்மப் பகை. அடுத்தவர் காதுக்கு அரைச் சாண் தூரத்தில் நாள் முழுக்க வாயை வைத்துக்கொண்டு பிழைப்பவர் வேறு என்னதான் செய்வார்?

அவர் மொழிபெயர்ப்பாளர். சர்வதேசத் திரைப்பட விழாவின் நடுவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு எந்தப் படத்துக்கு விருது என்று விவாதிக்கும் அறையில், ஆங்கிலம் தெரியாத நடுவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதை அவர் காதில் தமிழில் ஓதுவது வேலை. அவர் தமிழில் பேசினால் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் அக்காதான். விழாவின் கார் ஓட்டுநர்கள் எப்போதோ ‘கிசுகிசு அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அநியாயமான பெயர். அந்த அறையில் கேட்டதில் ஒரு சொல்லைக்கூட அவரிடமிருந்து யாரும் இதுவரை பிடுங்கியதில்லை.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரமான விதி உண்டு. நடுவர் “படம் பார்த்து நான் அழுதேன்” என்றால், அக்காவும் “நான் அழுதேன்” என்றுதான் சொல்லவேண்டும். அந்த ‘நான்’ அவருடையதல்ல. தன்னைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தால் “மொழிபெயர்ப்பாளருக்குச் சரியாகக் கேட்கவில்லை” என்று மூன்றாம் மனுஷியாகிவிட வேண்டும். வீட்டில் இதை வைத்து ஒரே கேலி. “எனக்குத் தலை வலிக்குது” என்று அவர் சோபாவில் சாய்ந்தால், “வலிக்கிறது உனக்கா, வேற யாருக்காவதா?” என்று கேட்பார் கணவர்.

இந்த ஆண்டு அக்காவின் வாய்க்கு வாய்த்த காது, ஒரு பழைய இயக்குநருடையது. விழாவில் எல்லோருக்கும் அவர் ‘பெரியவர்’. நல்ல ரசிகர்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஐந்து நடுவர்களில் அவர் ஒருவர் மட்டும் ஒரு படத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். சலவைக் கடையில் துணி மடிக்கும் அக்கா தங்கை கதை. எடுத்தவள் முன்பு நர்ஸாக இருந்த பெண். தன் அம்மாவையும் சித்தியையுமே நடிக்க வைத்து, விடுமுறை நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த படம். தியேட்டர்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடியிருந்தார்கள்: “ஏதாவது ஒரு விருதோட வாம்மா, அப்புறம் பேசலாம்.” விருது இல்லையென்றால் அந்தப் படம் அவள் வீட்டு அலமாரியோடு சரி. ஓட்டல் வரவேற்பறையில் அக்காவைக் கண்டாலே எழுந்து நிற்பாள். எதுவும் கேட்கக்கூடாது என்று தெரியும், ஆகவே “சாப்டீங்களாக்கா?” என்று மட்டும் கேட்பாள்.

கடைசி நாள் கூட்டம். பெரிய விருது பெரும்பான்மையில் முடிவாகிவிட்டது. பாக்கி இருந்தது நடுவர் குழுவின் சிறப்பு விருது. ஐந்து பேரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் அதைக் கொடுக்க முடியும். குழுவின் தலைவி, வெளிநாட்டு நடிகை, பெரியவரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

ஆங்கிலத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலோ, கேட்கிறவர் வீட்டுக்குள் இருக்கிறாரா வாசலுக்கு வெளியே நிற்கிறாரா என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். இதற்கென்று அக்கா ஒரு வித்தை வைத்திருந்தார். அந்தச் சொல்லையே விழுங்கிவிடுவார். ‘முடிவு பண்ணியிருக்கோம்’ என்றால் போயிற்று, யாருக்கும் சேதாரமில்லை. அன்றைக்கு நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டது. காலையில் சிற்றுண்டி நேரத்தில் தலைவியும் மற்ற மூவரும் ஒரே மேசையில் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்திருந்தார். பார்த்த கண் சும்மா இருக்குமா?

“இந்தப் படத்தைப் பத்தி நாங்க ஒரு முடிவுக்கு வந்திருக்கோம்” என்று பெரியவர் காதில் சொன்னார்.

தலைவி அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுப்பதற்குள் பெரியவர் மேசையில் அறைந்தார். “நாங்களா? அப்ப நான் யாரு? பொம்மையா? என்னை வெளியில விட்டுட்டு முடிவு பண்ணிட்டு, எங்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்குவீங்களா? எதுலயும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஆளை விடுங்க!”

விதி விதிதான். “நான் பொம்மையா?” என்று அக்கா ஆங்கிலத்தில் கேட்டார். “நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றார். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் கதவைத் தாண்டிவிட்டார்.

தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “அவர் கேட்ட படத்துக்கே விருதைக் கொடுத்துவிடலாம் என்றுதானே சொல்ல வந்தேன்?” என்றார். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்று அக்கா முறைப்படி அறிவித்தார். காலையில் நால்வரும் பேசியதைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டதாகவும் சொன்னார். அந்த நால்வரில் ஒருவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பாவம், அவருக்குப் பல்வலி. எந்த மருத்துவரிடம் போகலாம் என்றுதான் அந்த மேசையில் அத்தனை ஆலோசனையும். அதைக் கேட்டதும் அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். செருப்பு தடுக்கத் தடுக்க வராந்தாவில் ஓடினார்.

லிஃப்ட் வாசலில் பெரியவரைப் பிடித்துவிட்டார். “ஐயா, கொஞ்சம் நில்லுங்க. தப்பு என்னோடது. அவங்க அப்படிச் சொல்லலை. நான்தான் ‘நாங்க’ன்னு சொல்லிட்டேன்.”

“வேணாம்மா. அவங்களைக் காப்பாத்த நீங்க பழியை இழுத்துப் போட்டுக்காதீங்க. காலையில நாலு பேரும் குசுகுசுன்னு பேசினதை நானுந்தான் பாத்தேன்.”

“அது பல்வலி ஐயா! சத்தியமா. அந்தப் பொண்ணுக்குத்தான் விருதுன்னு சொல்ல வந்தாங்க.”

“நான் கோபப்பட்டதும் மாத்திக்கிட்டாங்களா? பிச்சை போடுறாங்களா? அந்தப் பொண்ணுக்கு அது வேணாம்.”

வேணுமா வேணாமா என்று அந்தப் பெண்ணையல்லவா கேட்டிருக்கவேண்டும்! வேலை நேரத்தில் அக்கா தனக்காக ‘நான்’ என்று சொன்னது அன்றுதான். அதையும் அவர் நம்பவில்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு விழாக்காரர்கள் விமான நிலையம் வரை போய்ப் பார்த்தார்கள், போன் போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

அக்காவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. விழா அலுவலகத்தில் “பரவாயில்ல, நடக்கிறதுதான்” என்றார்கள். யாராவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கணவர் வழக்கமான கேலியை எடுக்க வாய் திறந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை விருது விழா. நர்ஸாக இருந்த பெண்ணுக்கும் ஆங்கிலம் காதில் விழுந்தால் புரியாது. வேறு ஆள் இல்லையென்று அவளுக்குப் பின்னால் அக்காவையே உட்கார வைத்துவிட்டார்கள். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தார், இருக்கை காட்டும் பையனிடம் நடுவர் அறை ரகசியத்தைச் சொல்ல முடியாமல்தான் தோற்றார். பெண் திரும்பி ரகசியமாகச் சிரித்தாள். “செருப்பு பிரெண்டோடது அக்கா, ஒரு சைஸ் பெருசு. மேடையில கழண்டு விழுந்துட்டா மானம் போயிடும்.” அக்கா தலையை ஆட்டினார்.

தலைவி ஒலிவாங்கியின் முன் வந்தார். நடுவர் குழுவின் சிறப்பு விருது என்றார். பெண் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். தலைவி ஒரு கணம் நிறுத்தி, இந்த ஆண்டு அந்த விருது எந்தப் படத்துக்கும் கொடுக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது.

அக்கா குனிந்தார். வாய் காதுக்குப் பக்கத்தில் போய்விட்டது. குரல் வரவில்லை.

சத்தத்தில் தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டாள் பெண். “இந்தக் காது எப்பவும் கொஞ்சம் மந்தம் அக்கா” என்று சொல்லி, முடியை ஒதுக்கி, மறு காதைத் திருப்பிக் காட்டினாள்.

அக்கா எழுந்து, நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு, மறுபடியும் குனிந்தார்.