லயம் ஒரு குலமாம்

உலகப் பண்பாடுகளுக்கான இணைய ஆய்வுத் தளத்தில், எங்கள் வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத் தமிழரைத் தேடினேன். ‘லயம் என்பது இவர்களது குலம்’ என்றிருந்தது. நீங்கள் எந்தப் பிரிவு என்று ஆய்வாளர் கேட்டிருப்பார். அஞ்சாம் லயம் என்றிருப்பார்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசையை ஆய்வாளர் குலமாக்கிவிட்டார்.

முறைப்படி திருத்தம் அனுப்பினேன். அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்று தளத்தார் பதில் அனுப்பினார்கள்.

அன்று தோட்டத் தொழிலாளி செல்வி, கூரை ஒழுகிச் சுவர் சாய்கிறது, மனு எழுதித் தாருங்கள் என்று வந்தார். தளத்தில் இருந்ததையும் அந்தப் பதிலையும் படித்துக் காட்டினேன்.

“கொலம் ஒழுகுமா சார்? ஒரு மழைக்கு அந்தாள எங்க லயத்துல வந்து படுக்கச் சொல்லுங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுவர் விழுந்து யாராவது செத்தால் செய்தித்தாளில் ‘லயம் இடிந்தது’ என்று வரும். தளத்தார் கேட்கும் அச்சு ஆதாரம் அதுதான்.